எனக்கே, எனக்கும்



இளங்கலையில் நான் படித்தது தமிழ். நன்னூலோடும் யாப்பருங்கலக் காரிகையோடும் மூன்று ஆண்டுகள் இருந்துவிட்டு, முதுகலைக்கு உளவியல் பக்கம் போய்விட்டேன். மனநல ஆலோசகராக வேலை பார்க்கத் தொடங்கி இருபத்தாறு ஆண்டுகள் ஆகின்றன. எதிரே உட்கார்ந்திருப்பவர் தம் கவலையைச் சொல்லும்போது, அவருடைய சொற்களின் ஈற்றில் ஒட்டிக்கொண்டு வரும் இடைச்சொற்கள் என் காதில் தனியாக விழும். 'எனக்கே', 'எப்பவுமே', 'யாருமே', 'நான்தான்'. மனத்தை அரிக்கும் நினைப்பின் பெரும்பகுதி இந்தச் சின்ன எழுத்துகளில்தான் குடியிருக்கிறது என்பது என் அனுபவம். இன்று அதைத்தான் பேசப்போகிறேன்.

ஒருவரைப் பற்றிச் சொல்லித் தொடங்குகிறேன். அவருடைய இசைவோடு, அடையாளம் தெரியாதபடி சில விவரங்களை மாற்றியிருக்கிறேன். நாற்பத்தைந்து வயதுப் பெண், தையல் கடை வைத்திருப்பவர். இரவு இரண்டு மணிக்கு விழிப்பு வந்தால் அப்புறம் தூக்கமே இல்லை என்று வந்தார். தைராய்டு, சர்க்கரை எல்லாம் பார்த்தாகிவிட்டது, குறை ஒன்றும் இல்லை. பேச்சு கொடுத்ததில் வெளியே வந்தது இதுதான்: மூன்று மாதங்களுக்கு முன் அண்ணன் மகளின் கல்யாணம். மண்டப வாசலில் நின்றுகொண்டிருந்த அண்ணி இவரைப் பார்த்தும் 'வாங்க' என்று சொல்லவில்லை.

இது ஒரு விஷயமா என்று இந்த அவையில் யாரும் கேட்கமாட்டீர்கள். 'வாங்க' என்ற அந்த ஒரு சொல்லின் எடை நமக்குத் தெரியும். அது வராமல் போனதால் பத்து வருடம் பேச்சுவார்த்தை அற்றுப்போன குடும்பங்களை நீங்களும் பார்த்திருப்பீர்கள்.

"வாங்கன்னு ஒரு வார்த்தை கேக்கல, டாக்டரம்மா. யாருமே என்னை மதிக்கிறதில்ல. எனக்கே ஏன் இப்படி நடக்குது?" என்றார். நான் டாக்டர் இல்லை. ஆனால் வருகிறவர்கள் பலரும் அப்படித்தான் கூப்பிடுகிறார்கள்.

இரவு இரண்டு மணிக்கு அந்த மண்டப வாசல் கண்முன் வந்துவிடும். அங்கிருந்து பதினைந்து வருடத்துக்கு முந்தைய ஒரு வளைகாப்பு, அதிலிருந்து கணவர் வீட்டில் மாமியார் சொன்ன ஒரு சொல், அதிலிருந்து பள்ளிக்கூடத்தில் கடைசிப் பெஞ்சில் உட்கார்ந்திருந்த நாட்கள். ஒரு நூலைப் பிடித்து இழுத்ததும் தையல் முழுக்கப் பிரிந்துகொண்டே போவதுபோல ஒன்றிலிருந்து ஒன்றாக விடியும்வரை வந்துகொண்டிருக்கும்.

இதற்கு உளவியலாளர்கள் வைத்த பெயர் மாட்டிடமிருந்து எடுத்தது. அசைபோடுதல் என்னும் பொருளுள்ள இலத்தீன் சொல் அதன் வேர். நாம் தமிழில் 'பழைய நினைவுகளை அசைபோட்டேன்' என்றால் அது இனிமையானது. மாடு அசைபோட்டால் தின்றது செரிக்கும். இந்த அம்மாவுக்கு நேர்ந்ததோ எவ்வளவு மென்றாலும் செரிக்காத ஒன்று. இதற்கு நம் மக்களிடம் வேறு சொற்கள் இருக்கின்றன: மருகுதல், குமைதல், புழுங்குதல், 'மனசுக்குள்ளயே போட்டு உழப்பிக்கிறது'. எனக்கு இவற்றில் புழுங்குதல்தான் மிகச் சரியாகப் படுகிறது. ஆவி வெளியே போக வழியில்லாமல் மூடிய பானைக்குள்ளேயே சுற்றுகிற சூடு. ஈழத்து உறவினர்கள் 'கனக்க யோசிக்காதேங்கோ' என்று சொல்லும்போது அவர்கள் தடுப்பது சிந்தனையை அல்ல, கவலையை. யோசனை என்ற சொல்லே அவர்களிடம் கவலையாக முதிர்ந்துவிட்டது. ஜிம்பாப்வேயின் ஷோனா மொழியிலும் இப்படி ஒரு சொல் உண்டு. குஃபுங்கிசிசா என்பார்கள், அளவுக்கு மீறி யோசித்தல். அந்த ஊருக்குப் பின்னால் வருகிறேன்.

புழுங்குகிறவர்களை அறிவியல் முறையில் முதலில் ஊன்றிக் கவனித்தவர்களில் ஒருவர் சூசன் நோலன்-ஹோக்சிமா என்ற அமெரிக்க உளவியலாளர். 1959இல் பிறந்தவர், 2013இல் மறைந்துவிட்டார். கலிபோர்னியாவில் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் மாணவர்களிடம் ஒரு வினாத்தாள் கொடுத்து, மனம் சோர்ந்தால் நீங்கள் என்ன செய்வீர்கள், அதையே நினைத்துக்கொண்டு உட்காருவீர்களா, வேறு வேலையில் இறங்குவீர்களா என்றெல்லாம் கேட்டிருந்தார். இரண்டு வாரம் கழிந்தது. 1989 அக்டோபர் 17 மாலை 5 மணி 4 நிமிடத்துக்கு லோமா பிரீட்டா நிலநடுக்கம் வந்தது. 6.9 அளவு என்று பதிவான அது சான் பிரான்சிஸ்கோ வளைகுடாப் பகுதியைக் குலுக்கி 63 உயிர்களைக் கொண்டுபோனது. எந்த ஆய்வாளரும் திட்டமிட்டு அமைக்க முடியாத நிலைமை இது. துயரம் வருவதற்கு முன்பே எடுத்து வைத்த அளவு அவர் கையில் இருந்தது. பத்து நாள் கழித்தும் ஏழு வாரம் கழித்தும் அதே மாணவர்களை மறுபடி கேட்டார். நிலநடுக்கத்துக்கு முன்பே புழுங்கும் பழக்கம் இருந்தவர்களிடம் மனச்சோர்வு அதிகமாக இருந்தது. ஏழு வாரத்துக்குப் பிறகும் நீடித்தது. முன்பே இருந்த சோர்வைக் கழித்துவிட்டுப் பார்த்தபோதும் அப்படியே. 1991இல் அந்த ஆய்வு வெளியானது.

துயரம் ஒருவரைத் தாக்குவது ஒன்று. தாக்கிய பிறகு அவர் மனம் அந்தத் துயரத்தோடு என்ன செய்கிறது என்பது இன்னொன்று. இரண்டாவதைக் கற்றுக்கொள்ளலாம், மாற்றிக்கொள்ளலாம். என் தொழில் இந்த நம்பிக்கையின் மேல்தான் நிற்கிறது.

புழுங்குகிறவர்கள் சோம்பேறிகள் என்று நினைத்துவிடாதீர்கள். அவர்கள் இரவெல்லாம் கடுமையாக உழைக்கிறார்கள். 'யோசிச்சு யோசிச்சு இதுக்கு ஒரு முடிவு கட்டப்போறேன்' என்றுதான் அவர்களுக்குத் தோன்றுகிறது. அதனால்தான் அதை விடவும் முடிவதில்லை; பிரச்சினையை அந்தரத்தில் விட்டுவிட்டு வந்த குற்றவுணர்ச்சி வந்துவிடும். இங்கிலாந்தின் எக்ஸ்டர் பல்கலைக்கழகத்தில் எட்வர்ட் வாட்கின்ஸ் என்பவர் இதை நெடுங்காலம் ஆராய்ந்து, யோசனையில் இரண்டு வகை இருப்பதைக் காட்டினார். 'எனக்கு ஏன் இப்படி?' என்று பொதுப்படையாகக் கேட்பது ஒரு வகை. 'எப்படி நடந்தது, அடுத்து என்ன செய்யலாம்?' என்று நடந்ததன் விவரத்துக்குள் போவது இன்னொரு வகை. முதல் வகை ஆளைச் சுழலில் தள்ளுகிறது, இரண்டாவது கரை பக்கம் கொண்டுவருகிறது. நினைத்துப் பாருங்கள், 'நான் என்ன பாவம் பண்ணேன்?' என்ற கேள்விக்கு யாரால் விடை சொல்ல முடியும்? விடை இல்லாததால்தான் அந்தக் கேள்வி திரும்பத் திரும்ப வருகிறது.

இப்படிப்பட்டவர்களுக்கு ஊரில் இரண்டு புத்திமதி சொல்வார்கள். ஒன்று, 'அதையெல்லாம் மறந்துடு'. 1987இல் டேனியல் வெக்னர் என்ற உளவியலாளர் மாணவர்களிடம் ஐந்து நிமிடம் வெள்ளைக் கரடியை மட்டும் நினைக்காதீர்கள் என்றார். கரடி வந்துகொண்டே இருந்தது. இப்போது நினைக்கலாம் என்று அனுமதித்ததும் முதலிலிருந்தே அனுமதி பெற்றவர்களைவிட அதிகமாக வந்தது. இன்னொரு புத்திமதி, 'நல்லதையே நினை'. கனடாவின் ஜோஆன் வுட் 2009இல் வெளியிட்ட ஆய்வில், தம்மைப் பற்றித் தாழ்வாக எண்ணுகிறவர்களை 'நான் அன்புக்குரியவன்' என்று திரும்பத் திரும்பச் சொல்லவைத்தார்கள். அப்படிச் சொன்னவர்கள், சொல்லாமல் இருந்தவர்களைவிடச் சோர்ந்துபோனார்கள். தான் நம்பாத ஒன்றை வாய் சொல்லும்போது மனம் எதிர்வாதம் செய்கிறது. வாதத்தில் மனமே ஜெயிக்கிறது.

சரி, வேறென்ன செய்வது? இங்கேதான் ஏரன் பெக் வருகிறார். பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில் மனநல மருத்துவராக இருந்தவர், 1921இல் பிறந்து 2021இல் நூறு வயதில் இறந்தவர். ஃபிராய்டின் வழியில் பயிற்சி பெற்றவர். மனச்சோர்வு என்பது உள்ளே திரும்பிய கோபம் என்ற கருத்தை நிரூபிப்பதற்காகவே நோயாளிகளின் கனவுகளை ஆராய்ந்தார். கனவுகளில் கோபத்தைக் காணோம். இழப்பும் தோல்வியுமே இருந்தன. அந்தக் காலத்தில் ஒரு பெண் அவர் எதிரே தன் அந்தரங்க வாழ்க்கையைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தார், பதற்றமாகவும் இருந்தார். சொல்லும் விஷயம்தான் பதற்றத்துக்குக் காரணம் என்று பெக் கருதினார். ஆனால் அந்தப் பெண்ணின் மனத்தில் வேறொன்று ஓடிக்கொண்டிருந்தது: 'நான் பேசுவது இவருக்குச் சலிப்பாக இருக்கிறது.' வாய்ப்பேச்சுக்கு அடியில் இன்னொரு பேச்சு. அது குறுகியது, வேகமானது, யாரும் அழைக்காமல் வருவது, வந்ததும் உண்மை என்று நம்பப்படுவது. தாமாக வரும் எண்ணங்கள் என்று அவற்றுக்குப் பெயர் வைத்தார். அவற்றைப் பிடித்து நிறுத்தி, நோயாளியும் மருத்துவரும் சேர்ந்து உண்மையா என்று சோதிக்கும் முறையை வளர்த்தார்.

அந்தச் சோதனையில் பலரும் கவனிக்காமல் விடும் ஒன்று உண்டு. பெக் நோயாளியிடம் 'நீ நல்லவள், எல்லாம் சரியாகும்' என்று சொல்லிக்கொடுக்கவில்லை. எண்ணம் உண்மையாக இருந்தால் உண்மை என்றே முடிவாகட்டும். நினைப்பை அழகாக்குவது இதில் நோக்கம் இல்லை, அதைத் துல்லியமாக்குவதுதான்.

துல்லியம் என்றதும் எனக்கு நன்னூலை எழுதிய பவணந்தியார் நினைவுக்கு வருகிறார். பதின்மூன்றாம் நூற்றாண்டின் அந்த இலக்கண நூல், 'உம்' என்ற ஓர் இடைச்சொல்லுக்கு எட்டுப் பொருள் சொல்கிறது. ஏகாரத்துக்கு ஆறு. தமிழ் மாணவர்களாகிய நீங்கள் தேர்வுக்காக இவற்றை நெட்டுருப் போட்டிருப்பீர்கள். அந்தத் தையல்கார அம்மாவின் வாக்கியங்களை எடுத்துக்கொள்ளுங்கள். 'எனக்கே ஏன் இப்படி?' இந்த ஏகாரம் பிரிநிலை. ஊரார் அனைவரிலிருந்தும் தன்னைப் பிரித்து ஒதுக்கித் தனியே நிறுத்துகிறது. 'யாருமே மதிக்கிறதில்லை.' யாரும் என்பதில் முற்றும்மை, ஒருவரையும் மிச்சம் வைக்காமல் சுற்றி வளைக்கிறது. அது போதாதென்று மேலே ஒரு தேற்றேகாரம், ஐயத்துக்கு இடமே இல்லை என்று ஆணி அடிக்கிறது. 'எப்பவுமே' என்பதும் அதே கட்டுமானம்தான். மனிதர்களுக்குப் பதில் காலத்தை வளைக்கிறது. பெக்கும் அவர் மாணவர்களும் எண்ணத்தின் பிறழ்வுகள் என்று பட்டியல் போட்டுவைத்ததில் பாதியை நம் மொழி இரண்டு எழுத்தில் செய்துவிடுகிறது.

ஆனால் பூட்டும் சாவியும் ஒரே பட்டறையில் செய்ததுபோல, திறக்கும் வழியும் அதே 'உம்'மில் இருக்கிறது. நன்னூலின் எட்டில் ஐயவும்மை ஒன்று. 'வந்தாலும் வருவான்' என்றால் வரலாம், வராமலும் போகலாம். எச்சவும்மை இன்னொன்று. 'அவனும் வந்தான்' என்றால் வேறு யாரோ ஒருவரும் வந்திருக்கிறார். முற்றும்மையில் சிக்கியவரை ஐயவும்மை வழியாக எச்சவும்மைக்குக் கூட்டிவருவதுதான் நான் இருபத்தாறு வருடமாகச் செய்துகொண்டிருக்கும் வேலை. வேறு பெரிய வித்தை எதுவும் என்னிடம் இல்லை.

அந்த அம்மாவிடம் கேட்டேன். "அளவு எடுக்காம துணியில கத்தரி வைப்பீங்களா?"

"ஐயய்யோ. அளவு ஜாக்கெட் இல்லாம நான் துணியே வாங்கமாட்டேன்."

"அப்போ இந்த விஷயத்துக்கும் அளவு எடுத்திருவோம். ராத்திரி முழிப்பு வந்தா, உங்க அளவு நோட்டுல கடைசிப் பக்கத்துல எழுதுங்க. கல்யாண வீடியோவுல என்ன தெரியுமோ அதை மட்டும் எழுதணும். வீடியோவுல தெரியாதது எதுவும் வேணாம்."

முதல் வாரம் அவர் எழுதிவந்தது ஒன்றரைப் பக்கம். உட்கார்ந்து வாசித்தோம். 'அண்ணி வேணும்னே முகத்தைத் திருப்பிக்கிட்டாங்க.' வேணும்னே என்பது வீடியோவில் தெரியுமா? அடித்தார். 'என்னை அவமானப்படுத்தணும்னு.' அடித்தார். ஒன்றரைப் பக்கம் தேய்ந்து ஒரு வரி ஆனது: 'நான் உள்ளே போனேன். அண்ணி வாங்கன்னு சொல்லல.' அந்த வரியைப் பார்த்துக்கொண்டே ரொம்ப நேரம் பேசாமல் இருந்தார். அப்புறம் அவராகவே சொன்னார்: "பாக்காம இருந்தாலும் இருந்திருப்பாங்க. மாப்பிள்ளை வீட்டு வேன் வர்ற நேரம்." ஐயவும்மை வந்துவிட்டது. நான் எதுவும் சொல்லவில்லை. பின்பு ஒருநாள் அண்ணன் வீட்டில் வீடியோவையே போட்டுப் பார்த்தாராம். அந்த நிமிடம் அதில் இல்லை.

அடுத்து 'யாருமே'. அந்தக் கல்யாணத்தில் உங்களை 'வாங்க' என்றோ 'சாப்டீங்களா' என்றோ கேட்டவர்கள் பெயரை எழுதுங்கள் என்றேன். "அவங்கல்லாம் கேக்கறது கணக்கா?" என்று சலித்துக்கொண்டார். ஏன் கணக்கில்லை என்று கேட்டேன். பதில் இல்லை. இரண்டு வாரம் கழித்துப் பதினோரு பெயர்களோடு வந்தார். பந்தியில் தேடிவந்து 'சாப்ட்டியா' என்று கேட்ட அண்ணன் ஒன்பதாவது பெயர். "நான் இத்தனை நாள் ஒருத்தியத்தான் எண்ணிக்கிட்டிருந்திருக்கேன்" என்றார். 'யாருமே' சுருங்கி 'அண்ணி' ஆனது. அண்ணி மதிக்கவில்லை என்ற வலி போய்விடவில்லை. ஆனால் ஒரு மனிதர் தந்த வலியாக அது நின்றது, உலகமே சேர்ந்து தந்ததாக இல்லாமல்.

எச்சவும்மை வர மேலும் ஒரு மாதம் ஆனது. அக்காவிடம் தொலைபேசியில் பேசும்போது தெரியவந்திருக்கிறது. "அக்காவையும் கேக்கலையாம், டாக்டரம்மா!" 'எனக்கே' என்பது 'எனக்கும்' ஆன இடம் அது. இங்கே ஓர் எச்சரிக்கை. அந்த 'உம்' துயரப்படுகிறவர் வாயிலிருந்து வரவேண்டும். பக்கத்தில் இருப்பவர் 'ஊர்ல யாருக்குத்தான் கஷ்டம் இல்ல' என்று முந்திக்கொண்டு சொன்னால் அது அறைவதற்குச் சமம். உன் வலி எண்ணத்தக்கதில்லை என்றுதான் கேட்கிறவருக்கு விளங்கும். வீடுகளில் நாம் அன்போடு செய்கிற தவறு இது.

இதெல்லாம் படித்த ஆலோசகர், தனி அறை, மணிக்கணக்கான நேரம் இருந்தால்தானே நடக்கும் என்று நீங்கள் கேட்கலாம். பாகிஸ்தானின் ராவல்பிண்டி மாவட்டத்தில் குஜர்கான், கல்லர் சையதான் வட்டாரங்களின் கிராமங்களில் அதிஃப் ரஹ்மான் என்ற ஆய்வாளரின் குழுவினர் இவை இல்லாமலே அதைச் செய்துகாட்டினார்கள். நம் ஊர்க் கிராம சுகாதாரச் செவிலியர்போல அங்கே வீடு வீடாகப் போகும் பெண் சுகாதாரப் பணியாளர்கள் உண்டு. கருவுற்றிருந்த, மனச்சோர்வில் இருந்த 903 பெண்கள் ஆய்வில் சேர்க்கப்பட்டார்கள். பாதிப்பேரை அந்தப் பணியாளர்கள் வழக்கம்போலப் போய்ப் பார்த்தார்கள். மற்றப் பாதிப்பேருக்கு, பயனில்லாத நினைப்பை இனங்காண்பது, அதற்கு மாற்றாக நினைப்பது, நினைத்ததைச் செய்துபார்ப்பது என்று படங்களின் துணையோடு சொல்லிக்கொடுத்தார்கள். உனக்கு மனநோய் என்று யாரும் சொல்லவில்லை. குழந்தை நன்றாக வளரவேண்டும், அதற்காக என்றுதான் பேச்சு. 2008இல் முடிவு வந்தது. குழந்தை பிறந்து ஆறு மாதத்தில் வழக்கம்போலப் பார்க்கப்பட்டவர்களில் 53 விழுக்காட்டினருக்கு மனச்சோர்வு இருந்தது, சொல்லிக்கொடுக்கப்பட்டவர்களில் 23 விழுக்காட்டினருக்கு. இந்த எண்களைப் படித்த நாள் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. அன்று மாலை நான் வேறு யாரையும் பார்க்கவில்லை.

இனி ஷோனா மொழி பேசும் ஹராரே. ஜிம்பாப்வேயில் அன்று கைவிரலில் எண்ணிவிடக்கூடிய அளவே இருந்த மனநல மருத்துவர்களில் ஒருவரான டிக்சன் சிபண்டா, மருத்துவமனைக்கு வரப் பேருந்துக் காசில்லாமல் தம்மிடம் சிகிச்சை பெற்ற இளம்பெண் ஒருவர் உயிரை மாய்த்துக்கொண்டதில் நொறுங்கிப்போனார். 2006இல் மபாரே என்ற பகுதியில் பதினான்கு பாட்டிமார்களோடு வேலையைத் தொடங்கினார். சுகாதார நிலையத்தில் அறை கிடைக்கவில்லை, வெளியே ஒரு மரப்பெஞ்சு. அவர் 'மனநல பெஞ்சு' என்று பெயர் வைத்தார், யாரும் வந்து உட்காரவில்லை. பாட்டிமார்கள்தான் பெயரை மாற்றச் சொன்னார்கள்: நட்பு பெஞ்சு. குஃபுங்கிசிசா என்று வந்து உட்காருகிறவரிடம் பாட்டி முதலில் கதை முழுவதையும் கேட்கிறாள். பிறகு, இத்தனை பிரச்சினைகளில் முதலில் எதை எடுப்போம், இந்த வாரம் அதற்கு என்ன ஒன்று செய்யலாம் என்று கேட்கிறாள். 2016இல் வெளியான 573 பேர் கொண்ட ஆய்வில், பெஞ்சில் உட்கார்ந்தவர்களின் துயர அளவு ஆறு மாதத்தில் மற்றவர்களுடையதில் பாதிக்கும் கீழே இறங்கியிருந்தது.

அந்தப் பாட்டிமார்களிடம் எனக்குப் பிடித்தது, அவர்கள் நினைப்பை மட்டும் திருத்துவதில்லை. வாடகை கொடுக்கப் பணமில்லை என்பது பிறழ்ந்த எண்ணம் இல்லை. அங்கே திருத்தவேண்டியது வாடகைப் பிரச்சினையைத்தான்.

இதை நான் தாமதமாகத்தான் கற்றேன். தொழிலுக்கு வந்த புதிதில் ஒரு மாணவன் என்னிடம் வந்தான். விடுதியில் தன்னோடு ஒரே மேசையில் சாப்பிட மறுக்கிறார்கள் என்றான். சாதிதான் காரணம் என்றான். நான் பாடத்தில் படித்தபடி, 'இதை வேறு விதமாகப் பார்க்க முடியுமா?' என்று கேட்டேன். என்னை ஒரு நிமிடம் பார்த்தான். எழுந்து போய்விட்டான், திரும்பி வரவில்லை. அவன் அளந்து, சரியாக எழுதி, ஒரு வரியில் கொண்டுவந்திருந்த உண்மையை நான் பிறழ்வு என்று எடுத்துக்கொண்டேன். அவனுக்குத் தேவைப்பட்டது கூடவந்து புகார் எழுத ஓர் ஆள். அந்த முகம் எனக்கு இன்னும் மறக்கவில்லை. இன்று யாரிடமும் அந்தக் கேள்வியைக் கேட்பதற்கு முன்பு, நடந்தது என்ன என்று தெரியும்வரை காத்திருக்கிறேன்.

மாணவர்களுக்கு ஒன்று சொல்லவேண்டும். சாப்பாடும் தூக்கமும் வாரக்கணக்கில் இல்லாமல், உயிரோடு இருக்கவேண்டாம் என்ற நினைப்பு வந்தால், நோட்டுப் புத்தகத்தை வைத்துக்கொண்டு தனியாகப் போராடாதீர்கள். மருத்துவரைப் பாருங்கள், மாத்திரை சொன்னால் போடுங்கள். டெலி மனஸ் என்ற அரசு உதவி எண் 14416, எந்த நேரமும் தமிழில் பேசலாம். பக்கத்து அறையில் இருப்பவர் அப்படி இருந்தால் நீங்களே அந்த எண்ணை அழைத்துக் கொடுங்கள், பேசி முடியும்வரை பக்கத்தில் இருங்கள்.

தையல்கார அம்மா ஒன்றரை வருடம் கழித்து என்னைப் பார்க்க வந்தார். தூக்கம் நன்றாக வருகிறதாம். அண்ணன் வீட்டில் இரண்டாவது கல்யாணம் முடிந்திருந்தது. எப்படிப் போனது என்று கேட்டேன்.

"இந்தத் தடவ அண்ணி என்னை நல்லா பாத்தாங்க, டாக்டரம்மா. வேன் எதுவும் வரல. பாத்துட்டும் கேக்கல."

"அப்புறம்?"

"ராத்திரி நோட்டுல எழுதினேன். 'அண்ணி பார்த்தாங்க, வாங்கன்னு கேக்கல'ன்னு. கீழ, கேட்டவங்க பேரையும் எழுதினேன். பாதி எழுதும்போதே தூக்கம் வந்திருச்சு."